அக்காவின் பூனைகளும் முகப்பேர் வீடும்

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயதில் கல்யாணம் நடந்தது. மாங்காடு கோயிலில், காலை ஏழரை மணிக்கு. என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர் இருந்தோம். சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்கெல்லாம் கை கழுவியாகிவிட்டது.

மாப்பிள்ளை அவள் வேலை பார்த்த ஆவடித் தொழிற்சாலையிலேயே ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவர். மனைவி இறந்து ஆறு வருடமாகியிருந்தது. ஓய்வு பெற்றதும் கோயம்புத்தூரில் இருக்கும் சொந்த வீட்டுக்குப் போவதாக இருந்தார். போவதற்கு முன்னால் அக்காவிடம் கேட்டுவிட்டார். அக்கா நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் தோசை வார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"ஸ்டோர்ஸ்காரரு ஒண்ணு கேட்டாரு. சரின்னு சொல்லலாம்னு இருக்கேன்."

அவர் ஏதோ பொருள் கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன். "குடுத்துட்டுப் போயேன், அதுக்கு என்ன?" என்றேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்து அன்றுதான் பார்த்தேன். எனக்குப் புரிந்தபோது தட்டில் இருந்த தோசை ஆறிப்போயிருந்தது.

எங்கள் அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். அப்போது அக்காவுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பதினொன்று. அந்த வேலை அக்காவுக்குக் கிடைத்தது. வேலையோடு குவார்ட்டர்ஸும். அம்மாவை அவள்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டாள், என்னைப் படிக்கவைத்தாள். எனக்கு வந்த வரன்கள் வந்தபடியே போயின. அதைப் பற்றி இரண்டு பேருமே ஒரு கட்டத்துக்கு மேல் பேசவில்லை. நான் முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குத் தமிழ் டீச்சர். இப்படியே இரண்டு பேரும் அந்த வீட்டிலேயே கிழவிகளாகிவிடுவோம் என்று நான் நினைத்திருந்தேன். அது எனக்குக் கஷ்டமாகவே தோன்றியதில்லை.

அக்கா வேலையை விட்டதும் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே, ஹவுசிங் போர்டு குடியிருப்பில், இரண்டாவது மாடியில் ஒரு வீடு பார்த்தேன். எல்லாம் முடிவான பிறகுதான் பூனைகளின் பேச்சு வந்தது.

இரண்டு பூனைகள். ஒன்று மஞ்சள் நிறப் பெண், ஆறேழு வயதிருக்கும். இன்னொன்று சாம்பல் வரிபோட்ட ஆண், அதற்கு மூன்று வயது. அக்கா பெயரெல்லாம் வைக்கவில்லை. பெரியவ, சின்னவன், அவ்வளவுதான். இரண்டும் அக்காவின் பூனைகள். நான் அவற்றோடு ஒரே வீட்டில் இருந்தவள். அத்தானுக்கோ வீசிங். பூனை முடி பட்டாலே மூச்சு வாங்கும்.

"நீ பாத்துக்குவியாடி?" என்று அக்கா கேட்டாள்.

"பாத்துக்கிறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? ஆனால், என்னையும் பூனைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டுப் போகிறாள் என்று உள்ளே ஒரு கோபம் இருந்தது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு காலி செய்த அன்று வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. அவள் சாமான் கோயம்புத்தூர் லாரியில் ஏறியது, என் சாமான் ஒரு குட்டி யானை வேனில் ஏறியது. பூனைகளை நான் ஆட்டோவில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அக்கா தன் பழைய நூல்புடவை ஒன்றை மடித்துக் கூண்டுக்குள் விரித்து, பெரியவளைத் தடவிக் கொடுத்தபடியே உள்ளே விட்டாள். பிறகு என் பக்கம் வந்து நின்றாள். நான் கூண்டின் கொக்கியை மாட்டுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தேன். ஒரு கொக்கியை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஆட்டோ கிளம்பிய பிறகும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முந்தின வாரமே அம்பத்தூரில் ஒரு கால்நடை மருத்துவரைப் பார்த்துக் கேட்டு வைத்திருந்தேன். என்னைவிடச் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னார். முழு வீட்டையும் ஒரே நாளில் காட்டக் கூடாது. ஒரே ஓர் அறை. கதவு சாத்தியிருக்க வேண்டும். பழைய கிண்ணம், பழைய துணி, அவை வெளிக்குப் போகும் மண் தட்டு எல்லாம் அதே அறையில் இருக்கட்டும். துணியைத் துவைத்துவிட வேண்டாம். ஒளிந்துகொண்டால் இழுக்க வேண்டாம்.

"நீங்க உள்ள போய் சும்மா உட்காருங்க மேடம். ஏதாவது பேசிட்டே இருங்க. உங்க குரல் இருக்கிற இடம்தான் வீடுன்னு அதுங்களுக்குப் பதியணும்."

நான் தலையாட்டினேன். அந்தக் குரல் என்னுடையது இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

படுக்கையறையை அவற்றுக்கு ஒதுக்கி, நான் ஹாலில் பாய் போட்டுக்கொண்டேன். கூண்டைத் திறந்ததும் சின்னவன் கொஞ்ச நேரம் உள்ளேயே பதுங்கியிருந்துவிட்டு, பிறகு வெளியே வந்து சுவரை ஒட்டியே நடந்து எல்லா மூலைகளையும் முகர்ந்தான். சாயந்திரத்துக்குள் கருவாட்டுச் சோறு தின்றான். பெரியவள் ஒரே ஓட்டமாக பீரோவுக்குப் பின்னால் போனவள்தான். இரண்டு நாள் வெளியே வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு கண்கள் தெரியும். கிண்ணத்தை அங்கேயே தள்ளி வைத்தேன். மறுநாள் பார்த்தால் சோறு காய்ந்துபோய் அப்படியே இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்காருவேன். பேசச் சொன்னாரே, என்ன பேசுவது? ஆவடி வீட்டில் அக்காதான் நாள் முழுக்கப் பூனைகளோடு பேசிக்கொண்டிருப்பாள். வெயிலைத் திட்டுவாள், மேஸ்திரியைத் திட்டுவாள், எல்லாவற்றையும் பூனைகளைப் பார்த்துத்தான் சொல்வாள். எனக்கு வாயே வரவில்லை. கடைசியில் திருத்தக் கொண்டுவந்திருந்த கட்டுரை நோட்டுகளை எடுத்து உரக்கப் படித்தேன். 'எங்கள் வீடு' என்பது தலைப்பு. 'எங்கள் வீட்டில் மூன்று ஜன்னல்கள் உள்ளன. அதில் ஒன்று திறக்காது. அப்பா அடுத்த வாரம் சரிசெய்வார்' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. இன்னொன்று, 'எங்கள் வீடு மிகவும் அழகானது, ஆனால் அது எங்கள் வீடு இல்லை, வாடகை வீடு' என்று எழுதியிருந்தது. நாற்பத்திரண்டு நோட்டுகளையும் இப்படியே நாலு நாளில் பூனைகளுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாம் நாள், படித்துக்கொண்டிருக்கும்போதே பீரோவுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. நான் நிமிராமல் படித்துக்கொண்டே போனேன். அவள் கிண்ணத்தில் வாய் வைக்கும் சத்தம் கேட்டது.

அக்கா தினமும் சாயந்திரம் போன் செய்வாள். அவள் கேட்பாள், நான் பதில் சொல்வேன். சாப்பிட்டாங்களா? சாப்பிட்டாங்க. நீ சாப்பிட்டியா? ம். அத்தான் எப்படி இருக்காரு என்று நானாகக் கேட்கவே மாட்டேன். அவளே சொல்வாள்.

ஒரு நாள் கையில் வேலை இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். "இன்னிக்கு இங்க நல்ல மழைடி" என்று அக்காவின் குரல் அந்த அறையில் கேட்டதும், கட்டிலுக்கு அடியில் இருந்த பெரியவள் எழுந்து வந்தாள். போனை முகர்ந்தாள். அதைச் சுற்றி நடந்தாள். முன்னங்காலால் அதைத் தள்ளி அடியில் பார்த்தாள். பிறகு கதவிடம் போய் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தாள். அப்படி ஒரு கத்தலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. நான் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தேன்.

"என்னடி, பெரியவளா கத்துறா?"

"இல்ல, பசிக்குது போல. வைக்கிறேன்."

பெரியவள் ஒரு மணி நேரம் கதவை விட்டு நகரவில்லை. நானும் அவளுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். தொடப்போனால் விலகினாள். அதற்குப் பிறகு மொட்டை மாடிக்குப் போய்த்தான் அக்காவிடம் போனில் பேசினேன்.

பத்து நாளில் அறைக் கதவைத் திறந்து ஹாலைக் காட்டினேன். அடுத்து சமையலறை. ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தாகிவிட்டது. சின்னவன் வாஷிங் மிஷின் மேல் ஏறி வெயில் காய ஆரம்பித்துவிட்டான். பெரியவளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். அவ்வளவுதான், பழகிவிட்டார்கள் என்று நான் மனசைத் தளர்த்திய நேரத்தில், மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை மதியம் கேஸ் சிலிண்டர் வந்தது. சிலிண்டரை உருட்டிக்கொண்டு அந்த ஆள் உள்ளே வந்தார். நான் சமையலறையில் ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு பார்த்தால் சின்னவன் மட்டும் இருந்தான்.

மாடிப்படி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அடியில் என்று எல்லா இடமும் பார்த்தேன். "பெரியவ, பெரியவ" என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு நடுத்தர வயதுப் பெண் குனிந்து குனிந்து போவதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! வாட்ச்மேன், "பூனையா மேடம்? அது பழைய ஊட்டுக்கே போயிருக்கும். எங்க உட்டாலும் போயிரும்" என்றார். அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூண்டை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் வந்து, அங்கிருந்து ஆவடி பஸ் பிடித்தேன். மடியில் காலிக் கூண்டு. கண்டக்டர், "உள்ள ஒண்ணும் இல்லியா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவு தூரம், அத்தனை சாலைகளைத் தாண்டி ஒரு பூனை எப்படி நடந்து வரும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் போயிருப்பேன்.

வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஹால் சுவரில் எங்கள் காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், எங்களோடு பன்னிரண்டு வருடம் பழகியவர்.

"டீச்சர், என்ன இப்படி வந்து நிக்கிறீங்க? உள்ள வாங்க, காபி குடிங்க."

"பூனை காணோம்க்கா. இங்க வந்துச்சா?"

"வரலையே. வந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? தினமும் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்." சொல்லிவிட்டு அவர் குரல் தாழ்ந்தது. "ரெண்டு பேரும் போனப்புறம் இந்தப் பக்கம் வெறிச்சுனு கிடக்கு டீச்சர்."

நான் பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன். ஓர் ஓணான் ஓடியது. முருங்கை பூத்திருந்தது. அக்கா சைக்கிளை நிறுத்தும் இடத்தில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. பூனை இங்கே வரவில்லை என்று தெரிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. வெயில் காலுக்கு வந்து, மடிக்கு வந்து, தலைக்கு வந்தது. அதற்குப் பிறகு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பெரியவ ஓடிப்போயிட்டா. நேத்தே. உன்கிட்ட சொல்லல."

அவள் பதில் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ போயிருக்கக் கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டேன். நாற்பது வயதுப் பெண் பேசுகிற பேச்சா அது? ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது.



"எங்க இருந்துடி பேசுற?"

"இங்கதான். ஆவடியில. கல்லு மேல உக்காந்திருக்கேன்."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"இந்தா பாரு" என்றாள் அக்கா. "நானும் இங்க வந்து மூணு வாரமாகுது. எந்த ஸ்விட்சு எந்த லைட்டுக்குன்னு இன்னும் தெரியல. ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கிறேன். அவரு நல்லா வச்சிருக்காரு, கொற சொல்ல முடியாது. நான் சந்தோஷமாத்தான் இருக்கேன். ஆனா மத்தியானம் அவரு தூங்கப் போனதும் எனக்கு யாருகிட்ட பேசறதுன்னு தெரியல. வாசல்ல போய் நிக்கிறேன். தெருவுல போற பூனையெல்லாம் பாத்துகிட்டு நிக்கிறேன். அதை உன்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல. நீ ம், ம்னு பேசறப்ப நான் என்னன்னு சொல்றது?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நான் இங்க வந்ததுலேருந்து ஒருநாளும் என்னைப் பத்திக் கேக்கலியேடி நீ" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளே, "பெரியவ அவ்வளவு தூரமெல்லாம் நடக்க மாட்டா. சோம்பேறி அவ. சமையக்கட்டுலேருந்து வாசலுக்கு வரவே நாலு தடவ உக்காருவா. முதல்ல வீட்டுக்குப் போ. உங்க பக்கத்துல எங்க மீன் வாசம் வருதுன்னு பாரு" என்றாள்.

பக்கத்து வீட்டம்மா விடவில்லை. சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். முகப்பேர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. மீன் வாசத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் பிளாக்கின் தரைத்தளத்திலேயே ஒரு அம்மா இருந்தார். சாயந்திரம் தெருமுனையில் அடுப்புப் போட்டு மீன் வறுத்து விற்பவர். மூன்று வாரமாக அவர் வாசலைத் தாண்டித்தான் மாடி ஏறிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. அவர் அலுமினியச் சட்டியில் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பெரியவள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா டீச்சர், உன் பூனையா இது?" என்றார் என் முகத்தைப் பார்த்தே. "நேத்து மத்தியானத்துலேந்து இங்கதான் கீது. தொரத்துனாலும் போவல. கட்டிலாண்ட போய் குந்திகினு என்னையே பாக்குது. பசி போலன்னு ரெண்டு மத்தித் தலை போட்டேன். அவ்ளோதான், இங்கியே தங்கிடுச்சு."

"நேத்து முழுக்கத் தேடினேனே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"யாரு ஊட்டுதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீ வந்து இத்தினி நாளு ஆவுது, ஒரு நாளு நின்னு பேசிக்கிறியா? ஏறுற, எறங்குற. தலைய குனிஞ்சிகினு போற. நானும் டீச்சராச்சே, நம்மளான்ட எங்க பேசப்போதுன்னு உட்டுட்டேன்."

பெரியவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி சட்டியைப் பார்த்தாள். நான் கூண்டைத் திறந்தேன்.

"அது இன்னாத்துக்கு? உட்டுட்டுப் போ. வயி தெரிஞ்சிகினா அதுவே மேல வந்துரும். நீ மொதல்ல குந்து. டீ போடறேன்."

உட்கார்ந்தேன். டீ குடித்து முடிக்கும்வரை அவர் தன் மகள் காஞ்சிபுரத்தில் வாக்கப்பட்டதையும், பேரனுக்குக் காது குத்தப் போவதையும் சொன்னார். நானும் அக்காவுக்குக் கல்யாணமான கதையைச் சொன்னேன். அதுவரை அந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. "அம்பது வயசுலயா? நல்லாருக்கட்டும்மா, நல்லாருக்கட்டும்" என்று மசாலாக் கையோடு கும்பிட்டார். இருந்தாலும் பூனையை விட்டுவிட்டு வர மனசில்லாமல் அன்று தூக்கிக்கொண்டுதான் போனேன். மறுநாளிலிருந்து சாயந்திரமானால் பெரியவள் கதவிடம் நின்று கத்துவாள். நாலு நாள் தாக்குப்பிடித்தேன். பிறகு திறந்துவிட்டேன். போனாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவளாகவே படியேறி வந்தாள்.

தை பிறந்து அக்கா இரண்டு நாள் இருக்கிற மாதிரி வந்தாள், தனியாக. கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். காதில் புதிதாக ஒரு கல் தோடு. அவள் பையை வைத்துவிட்டு உட்கார்ந்ததுமே சின்னவன் மடியில் ஏறிவிட்டான். பெரியவள் தூரத்தில் நின்று பார்த்தாள். வந்து அவள் பாதத்தை முகர்ந்தாள், புடவைக் கொசுவத்தை முகர்ந்தாள். அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு கையை நீட்டியபடியே இருந்தாள். பெரியவள் அந்தக் கையில் ஒரு தடவை கன்னத்தை உரசினாள். அப்புறம் கதவிடம் போய் நின்றாள். மணி நாலரை. நான் திறந்துவிட்டேன். இறங்கிப் போய்விட்டாள்.

"என்னடி, போயிட்டா?" என்றாள் அக்கா.

"மீன் நேரம்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களையே மறுபடி கழுவினாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "நல்லதுதான்டி" என்றாள். "ஏங்கிட்டுக் கிடந்தா என்னால தாங்க முடியாது. மறந்துட்டா அதுவும் தாங்கல."

அந்த இரண்டு நாளும் நாங்கள் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. கோயம்புத்தூர் வீட்டின் ஒவ்வொரு அறையையும் கேட்டேன். அத்தானுக்கு என்ன குழம்பு பிடிக்கும், அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், பக்கத்து வீட்டில் யார் என்று விடாமல் கேட்டேன். அந்த வீட்டை "எங்க வீடு" என்று பேச்சுவாக்கில் ஒரு இடத்தில் அவள் சொன்னாள். சொன்னது அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் மதியம் சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் கம்பி வழியாக என் கன்னத்தைத் தொட்டு, "மே மாச லீவுக்கு நீ வரணும். பூனைங்களக் கீழ விட்டுட்டு வா" என்றாள். வருகிறேன் என்றேன். வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டும்வரை நின்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் போன் வந்தது. ரயில் இரைச்சலுக்குள் அவள் குரல்.

"இப்பதான்டி ஆவடி போச்சு. வண்டிய வேகமா ஓட்டிட்டுப் போயிட்டான். எனக்கு ஜன்னல் அந்தப் பக்கம். ஒண்ணும் பாக்க முடியல."

"பாக்க என்ன இருக்கு, அங்க யாரோ குடிவந்துட்டாங்களாம்" என்றேன்.

"ஆமா, என்ன இருக்கு" என்றாள்.

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. திருவள்ளூர் வந்து சிக்னல் போகும்வரை அவள் ரயில் ஓடும் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.